மறைத்த உடலும் காணாத கண்களும்: அவலநகை பற்றிய ஒரு நோக்கு

கொலையுண்டவரின் உடலை மறைப்பதும் பொலிசார் அதனைத் தேடுவதும் துப்பறியும் கதைகளின் நெடுங்கால வழக்காகும். அதே நிகழ்ச்சி நகைப்புக்குரியதாக ஆக்கப்படும்போது தோன்றும் படைப்புகளை அவலநகை என்னும் வகையில் அடக்கலாம். மரணத்தை விளையாட்டாக்கும் பொறுப்பற்ற எழுத்தென இதனை ஒதுக்குவாரும் உளர். கருத்தெதுவும் வேண்டாத தூய கேளிக்கையெனப் போற்றுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வினாவை எழுப்பத் தவறிவிடுகின்றனர். உடல் எவ்வாறு அகப்படுகின்றது, அல்லது ஏன் அகப்படாமற் போகின்றது? இதற்கு ஒரு படைப்புத் தரும் விடையிலேயே அதன் சமூக நோக்குப் புலப்படுகின்றது என்பது எமது கருத்தாகும்.

எட்கர் அலன் போ 1843இல் வெளியிட்ட இரு சிறுகதைகளை முதலில் நோக்கலாம். 'த ரெல் ரேல் ஹார்ட்' கதையிலே கொலைஞன் தரைப்பலகைகளின் கீழ் உடலை மறைத்து, அவ்விடத்தின் மேலேயே கதிரையிட்டு அமர்ந்து பொலிசாருடன் உரையாடுகின்றான். 'த பிளக் கற்' கதையிலோ உடல் மறைந்துள்ள சுவரைக் கைத்தடியால் தட்டி, வீட்டின் உறுதியைப் புகழ்கின்றான். உள்ளே அகப்பட்ட பூனை ஓலமிடுகின்றது. இரண்டிலும் பொலிசார் ஐயம் நீங்கிய நிலையிலேயே இருக்கின்றனர். உடலைக் காட்டிக்கொடுப்பவை கொலைஞனின் செருக்கும் அச்சமுமே. குற்றத்தைத் தனிமனித உள்ளத்தின் சிக்கலாகக் கண்ட போ, உண்மையையும் அவ்வுள்ளத்திலிருந்தே பீறிடச் செய்தார்.

ஜோசப் கெசல்றிங்கின் 'ஆர்சனிக் அன்ட் ஓல்ட் லேஸ்' நாடகம் 1941இல் நியூயோர்க்கில் மேடையேறியது. பிராங்க் கப்ரா இயக்கிய திரைப்படம் 1944இல் வெளிவந்தது. புறூக்ளினில் வாழும் முதிய சகோதரியர் இருவர், உற்றார் எவருமற்ற முதியவர்களுக்கு நஞ்சு கலந்த பழமது அளித்துக் கொல்கின்றனர். தன்னை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் என நம்பும் மருமகன் பனாமாக் கால்வாய் வெட்டுவதாக எண்ணி நிலவறையிற் குழி தோண்டுகின்றான். நிலவறையில் 13 உடல்கள் உள்ளன என வெளிப்படையாகச் சொல்லப்பட்டும் பொலிசார் அதனை நம்புவதில்லை. நாடகாசிரியனாக விரும்பும் பொலிஸ்காரனொருவனோ, கட்டுண்டு வாயடைக்கப்பட்டிருப்பவனிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றான்!

இவர்கள் காணாதது மூடத்தனத்தால் மட்டுமன்று. நற்குடி, ஈகை, தேவாலயத் தொடர்பு ஆகிய நடுத்தர வர்க்க மதிப்புகள் அவ்வீட்டைச் சோதனைக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகின்றன. தேடுவாரற்ற முதியவரின் மறைவை எவரும் கணக்கில் எடுப்பதுமில்லை. எனினும், இறந்தவர்க்கு முகமோ வரலாறோ வழங்காமையால் நாடகத்தின் நகை ஓரளவுக்கு அவர்களையே பலிகொள்கின்றது. இதனை அதன் குறைபாடாகவே கொள்ளவேண்டும்.

1983இல் வெளிவந்த குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' என்னும் ஹிந்தித் திரைப்படம் இம்மரபை வேறொரு தளத்துக்கு உயர்த்துகின்றது. பம்பாயில் ஊழலில் ஊறிய மாநகர ஆணையாளர் டிமெல்லோவைக் கட்டட முதலாளியான தர்னேஜா கொன்றுவிடுகின்றான். உடலைக் கண்டுபிடிப்போர் பொலிசாரல்லர்; தாம் எடுத்த படமொன்றைப் பெருப்பித்துப் பார்த்த வறிய புகைப்படக்காரர் இருவரே. அதன்பின் உடல் மறைந்திருப்பதில்லை. சவப்பெட்டியைப் பழுதடைந்த மோட்டார் வண்டியெனக் கருதிக் குடிபோதையிலுள்ள மற்றொரு முதலாளி இழுத்துச் செல்கின்றான். மகாபாரத நாடக மேடையிலே திரௌபதியின் கோலத்தில் பிணம் தோன்றுகின்றது. அனைவர் கண்முன்னும் உலாவும் பிணத்தை முன்னிட்டு நீதி மட்டும் அசைவதில்லை. இறுதியில் அதிகாரமும் பணமும் சமரசம் செய்துகொள்ள, புகைப்படக்காரர் இருவரும் குற்றவாளிகளாகின்றனர். சிறை உடையில் நின்று தம் கழுத்தறுபடும் சைகையை அவர்கள் காட்டும்போது எமது சிரிப்புத் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றது.

முதல் இரு படைப்பாளரிடத்தும் பொலிசாரின் குருட்டுத்தன்மை நகைக்குரிய தற்செயலாகவோ வர்க்க மயக்கமாகவோ அமைகின்றது. குந்தன் ஷாவிடம் அது ஒரு சமூக அமைப்பின் இயல்பான தொழிற்பாடு. மூவரும் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: உடலை மறைப்பது மண்ணோ சுவரோ மட்டுமன்று, யாரை ஐயுறலாம், யாரை ஐயுறலாகாது என்னும் சமூக ஒழுங்கும் அதனை மறைக்கின்றது. இவ்வொழுங்கைச் சுட்டிக்காட்டும் நகை, இறந்தவரை அவமதிப்பதாகாது.

உறவினரின் உடலையேனும் காணக் காத்திருப்போர் வாழும் நாடுகளில் இவ்வேறுபாடு வெறும் அழகியற் சிக்கலன்று. பிணத்தைப் பார்த்துச் சிரிக்கும் கலையையும், அதனைக் காண மறுப்போரைப் பார்த்துச் சிரிக்கும் கலையையும் பிரித்தறிவது விமர்சகரின் கடன். முன்னையது மறதிக்குத் துணைபோகும். பின்னையது தேடுவோரின் பக்கம் நிற்கும்.