மறைந்த மீடிய மொழியும் பல்லவர் பெயராய்வும்

மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் காண்போர், அவற்றை எடுப்பித்த பல்லவர் யாவர் என வினவுதல் இயல்பே. பல்லவர் என்பார் ஈரானியப் பஹ்லவரே என லூயி ரைசு, வெங்கையா முதலிய அறிஞர் கருதினர். இக்கொள்கைக்கு மொழிவகையில் உள்ள சான்று பெயரொற்றுமை ஒன்றே. அவ்வொற்றுமை எந்நிலையிற் சான்றாகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு ஏற்ற உரைகல், ஈரானியக் கிளையுள் மறைந்தொழிந்த மீடிய மொழியாகும். மீடியர் தம் மொழியிற் பொறித்த கல்வெட்டு ஒன்றேனும் இதுகாறும் கிடைத்திலது. எனினும் அம்மொழியின் இயல்பு சில வெளிப்பட்டுள்ளன. எங்ஙனம் எனின், வடமொழியில் ‘ச்வ’ நிற்குமிடத்துப் பழம்பாரசீகத்தில் ‘ஸ’ நிற்றல் முறை. ‘அச்வ’ என்பதற்கு நேராக ‘அஸ’ வரும். ஆயின் தாரயவௌசு முதலிய அரசர்தம் பழம்பாரசீகக் கல்வெட்டுகளிலேயே, நற்குதிரை உடைமையைக் குறிக்குந் தொடர்மொழியில் ‘அஸ்ப’ என்பது புகுந்துள்ளது. ஒரு மொழியில் ஒரே சொல் இருவேறு ஒலிமுறையில் வழங்கின், ஒன்று அயலிலிருந்து வந்ததாதல் வேண்டும். அவ்வயல் யாது? மீடியர் பெண்நாயை ‘ஸ்பக’ என்பர் என எரோடோட்டசு எழுதிவைத்தார். வடமொழி ‘ச்வன்’ என்பதனோடு ஒப்பிடின் அதே ஒலிமுறை தோன்றும். ஆக, ஒழுங்குற்ற ஒலிமாற்றம் ஒன்று, புறச்சான்று ஒன்று. இத்துணை இருந்தும், ‘ஸ்ப’ அவெஸ்தா மொழிக்கும் உரித்தாகலின் அதனை மீடியத்திற்கே ஆக்குதல் தகாதென மறுப்பாரும் உளர்.

(அயற்சொல் களைதலை நோன்பாகக் கொண்ட அடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரிலிருந்து, அயற்சொல்லின் சான்றுரிமையை யாம் பேசுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். அடிகள் கொள்கை சொல்லை ஆளுதல் பற்றியது. எம் ஆய்வு சொல்லை வினவுதல் பற்றியது.)

இவ்வுரைகல்லில் பல்லவர் பெயரை உரைத்துப் பார்ப்போம். பஹ்லவர் இந்நாட்டில் இருந்தமை பொய்யன்று. கி.பி. 150 அளவினதாகிய உருத்திரதாமனின் கிர்நார்க் கல்வெட்டு, சுவிசாகன் என்னும் பஹ்லவ அமைச்சனைக் கூறும். சாதவாகரின் நாசிக்குப் பிராகிருதக் கல்வெட்டோ அவ்வினத்தாரைப் ‘பல்ஹவ’ என எழுதும். தமிழில் ஹகரம் இன்மையால் அது கெட்டுப் ‘பல்லவ’ ஆயிற்று என்பர் சிலர். பல்லவரின் பழஞ்செப்பேடுகளாகிய மயிதவோலு, ஹிரஹடகல்லிப் பட்டயங்கள் தமிழில் எழுதப்பட்டனவல்ல, அவையும் பிராகிருதமே. ஹகரம் உடைய மொழியில், நாசிக்கில் நின்ற ஹகரம் இங்கு மட்டும் கெட்டதேன்? இதனொடு அமையும் வேறொரு சொல்லையும் அவர் காட்டினாரல்லர்.

புறச்சான்றோ அவர்க்கு மாறானது. இராசசேகரர் தம் காவியமீமாம்சையில் பஹ்லவரை வடபுலத்தும் பல்லவரைத் தென்புலத்தும் வேறுவேறாக வைத்து எண்ணினார். அவர் காலம் பிற்பட்டது என்று தள்ளுவார்க்கு, அதனினும் முற்பட்ட சான்று காட்டுங் கடன் உண்டு.