தெரிவும் தடையும்: வலையமைப்பு மாற்றத்தின் புள்ளிவிபர மாதிரிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

எண்ணை ஐயுறுதல் முற்போக்கு விமர்சகருக்கு ஏற்ற நிலைப்பாடன்று. பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகள் இன்றி ‘மூலதனம்’ முதற்பாகம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றிருக்காது. 1899இல் வெளிவந்த ‘ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’யில் லெனின் செம்ஸ்த்வோக்களின் புள்ளிவிபரங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். ஆகவே, மனித உறவுகள் காலப்போக்கில் மாறுமாற்றைக் கணனி கொண்டு மாதிரியுருப்படுத்தும் முயற்சிகளை ‘முதலாளித்துவச் சமூகவியல்’ என்ற ஒரு தொடரால் ஒதுக்கிவிடுதல் தகாது. எதனை மாறுவதாகவும் எதனை மாறாததாகவும் அவை கொள்கின்றன என்று வினவுதலே நம் பணி.

இலக்கிய மாணவருக்கும் இவ்வினா அந்நியமானதன்று. 2011இல் பிராங்கோ மொரற்றி ‘ஹம்லெற்’ நாடகத்தின் பாத்திரங்களைக் கணுக்களாகவும், அவர்தம் உரையாடலைத் தொடர்புகளாகவும் வரைந்து காட்டினார். அவ்வரைபடத்திலே ஐந்து அங்கங்களும் ஒரே காட்சியாக உறைந்தன, காலம் இடமாயிற்று. அக்காலத்தை மீளக் கொணர்வதே புள்ளிவிபரவியலாளர் ரொம் ஸ்னைடர்ஸும் அவர்தம் சகாக்களும் உருவாக்கிய ‘சியெனா’ என்னும் மென்பொருளின் நோக்கம். ‘ஆர்’ என்ற கணனிச் சூழலில் ‘ஆர்சியெனா’ என்ற பெயரில் அது பயன்படுகின்றது.

ஒரே குழுவினரின் உறவுகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் அவதானிக்கப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவை நேரிற் காணப்படாதவை. அவற்றைக் கணனி சிறு சிறு படிகளாக உருவகப்படுத்துகின்றது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் மட்டுமே, தம்மிடமிருந்து பிறர்நோக்கிச் செல்லும் தொடர்புகளில் ஒன்றை ஆக்கலாம், அறுக்கலாம், அல்லது வாளாவிருக்கலாம். நட்புக்குப் பதில் நட்பு, நண்பரின் நண்பரை நண்பராக்கல், தம்மை ஒத்தவரை நாடல் ஆகிய போக்குகளின் வலிமை இவ்வாறு மதிப்பிடப்படுகின்றது.

இதன் பயனைக் குறைத்துக் கூறலாகாது. புகைபிடிப்போர் புகைபிடிப்போரை நண்பராகத் தெரிகின்றனரா, அன்றி நண்பரானபின் புகைக்கப் பழகுகின்றனரா? ஒற்றை அவதானம் இதற்கு விடை தராது. உறவு மனிதரை மாற்றுதலையும் மனிதர் உறவை மாற்றுதலையும் சியெனா ஒருசேர நோக்குகின்றது. இயங்கியல் நோக்குடையோர் மதிக்கவேண்டிய முன்னேற்றம் இது.

எனினும், இம்முறையைப் பயில்வோர் அடிக்கடி கையாளும் கிளாஸ்கோத் தரவுகளை நோக்குவோம். மேற்கு ஸ்கொட்லாந்துப் பாடசாலை ஒன்றின் மாணவர் 160 பேர், பதின்மூன்று வயதளவில், 1995 பெப்ரவரி முதல் 1997 ஜனவரி வரை மூன்று தடவை வினவப்பட்டனர். ஒவ்வொருவரும் ஆறு நண்பர் வரை பெயரிடலாம். புகைத்தல், மது, இசைநாட்டம் ஆகியவற்றோடு கைச்செலவுப் பணமும் பதியப்பட்டுள்ளது. வர்க்கத்தை நினைவூட்டும் மாறி அது. ஆயின் வர்க்கம் என்பது ஒருவரின் சட்டைப்பையில் உள்ள தொகையன்று. மனிதரிடையேயான ஓர் உறவு. உறவுகளை ஆராயவென எழுந்த கருவியினுள்ளே, எல்லாவற்றிலும் அடிப்படையான உறவு தனிமனிதரின் பண்பாகச் சுருங்கி நுழைகின்றது. அப்பிரதேசத்தின் றேவன்ஸ்கிறெய்க் உருக்காலை 1992இல் மூடப்பட்டது. அத்தகைய மூடலொன்று ஒரு குடும்பத்தைத் தாக்கியிருப்பின், அட்டவணையில் அது சில பவுண்கள் குறைந்த ஓர் எண்ணாகவே தோன்றும்.

இது தரவு சேகரித்தோரின் கவனக்குறைவு மட்டுமன்று. முதல் அவதானத்தின் வலையமைப்பை மாதிரி விளக்க முயல்வதில்லை. அதனைத் தரப்பட்டதாகக் கொண்டே தொடங்குகின்றது. யார் யாரோடு ஒரே வகுப்பில் அமர நேர்ந்தது, எத்தெருவார் எப்பாடசாலைக்கு வந்தனர் என்ற வரலாறு முழுவதும் அத்தொடக்கப்புள்ளிக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. ஒருபோதும் ஏற்படவியலாத தொடர்புகளுக்கும் இடமுண்டு: ஆய்வாளர் அக்கட்டத்தில் 10 என்ற எண்ணை இடுவார். அதன் பெயர் ‘அமைப்பியற் சூனியம்’. ஒரு சமூகத்தின் தடைகள் அனைத்தும் இக்குறியீட்டினுள் அடங்கலாம். ஆனால் தடையை எழுப்பியவர் எவர் என்று மென்பொருள் கேட்பதில்லை.

அதனினும் பாரதூரமானது ஒருவர்பின் ஒருவராக என்ற விதி. வழமையான மாதிரியில் இருவர் கலந்துபேசி ஒரே கணத்தில் முடிவெடுத்தல் இல்லை. 1971இல் அதே கிளாஸ்கோவின் கிளைட் நதிக் கப்பல்கட்டும் தொழிலாளர், தளங்கள் மூடப்படவிருந்த வேளையில் வேலைநிறுத்தம் செய்யாது வேலையைத் தம் கையிலெடுத்தனர். அங்கு முடிவு கூட்டத்தில் பிறந்தது. தனித்தனித் தெரிவுகளின் கூட்டுத்தொகையாக அதனை எழுதுவது நிகழ்ச்சியையே மாற்றி எழுதுவதாகும். மாதிரி பகுத்தறிவான ஆதாயத்தேட்டத்தைக் கற்பிக்கவில்லை என்று அதனை அமைத்தோர் எச்சரிக்கின்றனர். நேர்மையான எச்சரிக்கைதான். ஆயினும் மாற்றத்தின் எழுவாய் தனியரே என்ற இலக்கணம் அதனால் மாறிவிடவில்லை.

இறுதியாக ஒரு நுட்பம். இரு அவதானங்களுள் ஒன்றிலேனும் காணப்பட்ட தொடர்புகளில், இரண்டிலும் நிலைத்தவை எத்தனை பங்கு என்பதை ஜக்காட் சுட்டெண் அளக்கின்றது. அது 0.3க்கு மேற்பட்டிருத்தல் விரும்பத்தக்கது என்பது கைந்நூலின் அறிவுரை, 0.2க்கும் கீழாயின், மாற்றம் படிப்படியானது என்ற எடுகோளே ஐயத்துக்குரியதாகிவிடும். கணிதவியலாளரின் நோக்கில் இது நியாயமான நிபந்தனை. உறவுகள் மெல்ல மாறும் காலங்களையே இக்கருவி வாசிக்கவல்லது. அவை தலைகீழாகும் காலங்கள் அதற்குப் பொருந்தாத தரவுகள். ஒரு பதின்மவயதினரின் நட்புவட்டத்துக்கு அவ்வெல்லை போதுமானதாயிருக்கலாம். வேலைநிறுத்தக் குழுவொன்றின் உருவாக்கத்தையோ, குடியேற்றத்தால் சிதறிய ஊரொன்றையோ ஆராயப் புகுவோர், மென்பொருளைத் திறக்குமுன் தம் சுட்டெண்ணைக் கணித்துப் பார்த்தல் நன்று.