ஈன்றாளை நோக்கும் பிள்ளை

திருக்குறளிற் கள்ளுண்ணாமை 93 ஆம் அதிகாரமாய் அமைந்துள்ளது. அதன் மூன்றாவது குறள், களித்து வரும் மகனைக் காணுந் தாயின் முகத்தை நம்முன் நிறுத்துகின்றது. ஈன்றவளுக்கே இன்னாததாகிய அக்காட்சி சான்றோர்க்கு எத்தகையதாகும் என்பது வள்ளுவர் வினா. களித்தவள் ஈன்றாளேயாயின், அவள் முகத்தைப் பிள்ளை எங்ஙனம் நோக்கும்? அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஒன்றேனும் இவ்வினாவை எழுப்பிற்றில்லை. அறநூலுக்கு இது குறையன்று. அதன் நோக்கம் வேறு. ஆனால் நம் சிறுவர் கதைகளுக்கு அவ்வாறு சமாதானங் கூறுதல் இயலாது. குடிகாரத் தந்தை வருவான், மகள் அழுவாள், இறுதிப் பக்கத்தில் அவன் திருந்துவான். இம்முடிவு இனிமையாய்த் தோன்றினும் கொடியது என்பதே எம் கருத்து. திருந்தாத தந்தையை உடைய பிள்ளை அதனைப் படிக்குங்கால், தன் கண்ணீர் போதவில்லை போலும் என்றன்றோ எண்ணும்?

மன்னார்க் கரையில் வாழ்வார்க்கு இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றரே. கேரளக் கஞ்சாவும் ஹெரோயினும் கைப்பற்றப்பட்டன என்னுஞ் செய்தி பேசாலை, சிலாவத்துறை முதலிய ஊர்ப்பெயர்களோடு நாளேடுகளில் வருவது புதிதன்று. பொதியின் நிறையும் பெறுமதியும் தவறாது அச்சாகும். சட்டமும் நிறையையே நோக்குகின்றது: 1984 ஆம் ஆண்டுத் திருத்தம், 2 கிராமும் அதற்கு மேலுமான ஹெரோயினை வைத்திருப்போர்க்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க இடந்தந்தது. அப்பொருள் நுழைந்த வீட்டிற் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையைச் செய்தியுங் காணாது, சட்டமுங் காணாது. அப்பிள்ளையைக் காணவேண்டியது இலக்கியமே.

அங்ஙனங் கண்ட நூலொன்று அமெரிக்காவில் 2018 இல் வெளிவந்தது. ஜரெட் குரொசாஸ்கா எழுதி வரைந்த 'ஹே, கிட்டோ' என்பது அது. புனைகதை போல் ஓடினும் உண்மையில் ஆசிரியரின் தன்வரலாறு. இளையோர்க்கெனச் சித்திரங்களால் இயன்றது. அவ்வாண்டின் தேசிய நூற்பரிசுக்குரிய இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. தாய் லெஸ்லி ஹெரோயினுக்கு அடிமையானவள். சிறையும் சிகிச்சை நிலையமுமாய்க் காலங் கழிப்பவள். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் சிறுவனை வளர்ப்போர் தாயைப் பெற்ற ஜோவும் ஷேர்லியும்.

இவ்விருவர் படைப்பே நூலின் உயிர். ஷேர்லி சாந்தமே உருவான பாட்டியல்லள். புகைப்பாள், குடிப்பாள், நாவால் எவரையுஞ் சுடுவாள். எனினும் அவ்வீட்டில் உணவு உண்டு, படுக்கை உண்டு, நாளைக்கும் இவர்கள் இருப்பர் என்னும் உறுதி உண்டு. ஓவியம் பயிலப் பேரனை அனுப்பி வைக்கின்றார் ஜோ. தாய் எங்கே என்னும் மறைபொருளையும் அவரே உடைக்கின்றார்: அவள் போதைக்கு அடிமை, சிறையில் இருக்கின்றாள் என்று நேரே சொல்லிவிடுகின்றார். நூலின் தலைசிறந்த இடம் இதுவெனலாம். அறிந்ததனாற் சிறுவன் உடைந்து போகின்றானல்லன். அதுவரை தன்மேல் ஏற்றிக்கொண்டிருந்த ஏதோவொரு குற்றம் இறங்குகின்றது.

தாய் கொடியவளாகவுங் காட்டப்படவில்லை. அவள் சிறையிலிருந்து அனுப்பிய கடிதங்களும் படங்களும் அவள் கைப்படவே நூலில் அச்சிடப்பட்டுள்ளன. சாம்பல் வண்ணமும் மங்கிய செம்மஞ்சளுமே ஓடும் பக்கங்களிடையே அக்கையெழுத்தைக் காணும்போது, வருவேன் என்று சொல்லி வாராதவளும் அன்புடையவளே என்பது விளங்குகின்றது. அன்பு இருந்தும் போதவில்லை என்னும் இவ்வுண்மையைத்தான் நம் கதைகள் அஞ்சி ஒதுக்குகின்றன. லெஸ்லி திருந்தி வீடு திரும்பினாளல்லள். 2017 இல் ஹெரோயின் மிகையால் இறந்தாள்.

குறையும் உண்டு. தந்தையைக் கண்டடையும் பிற்பகுதி விரைந்து முடிகின்றது. வசைச்சொற்கள் மிகுதியென ஆசிரியர் சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். அவ்வீட்டின் பேச்சு அதுவாதலின் யாம் அதனைக் குறையாகக் கொள்ளோம்.

இளம் வாசகர்க்கு ஒத்தது கேட் மெஸ்னர் 2016 இல் வெளியிட்ட 'ஏழாவது வரம்'. பனியுறைந்த ஏரியிற் சிறுமி பிடிக்கும் மீன் வரந் தருகின்றது. ஹெரோயினிற் சிக்கிய அக்காளை மீட்க அவ்வரமும் உதவவில்லை. இப்பொருளைக் கேட்டு அஞ்சிய வெர்மொண்ட் மாநிலத்துப் பாடசாலையொன்று ஆசிரியைக்கு விடுத்த அழைப்பை மீளப்பெற்றதாம்! வரந்தரும் மீனின் கதையை வங்காலைப் பிள்ளைக்கோ தாழ்வுபாட்டுப் பிள்ளைக்கோ விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. பேரரைப் பேணும் அம்மம்மாவும் அங்குப் புதியவளல்லள். போரும் வெளிநாட்டு வேலையும் எத்தனையோ பிள்ளைகளை அவள் மடியில் விட்டுச் சென்றன.

ஆகவே கதைக்குரிய பொருள் கரையிலே கிடக்கின்றது. எழுதப் புகுவார் முதலில் தீர்க்கவேண்டியது ஒரு சொல்லை. 'அம்மாவுக்குச் சுகமில்லை' என்று வீட்டார் மழுப்புவர். 'தூள்' என்று தெருவிற் பிள்ளை முன்னரே கேட்டிருக்கும். வலை பொத்திக்கொண்டிருக்கும் அம்மப்பா, பேரன் கேட்கும்போது இவ்விரண்டனுள் எதைச் சொல்வார்?