‘கிரிப் காம்ப்’: இரக்கத்திலிருந்து இயக்கத்துக்கு

வலுவிழந்தோரைக் கலைகள் பெரும்பாலும் இரு வகையிலேயே சித்திரித்து வந்துள்ளன. ஒன்று, பிறரது இரக்கத்தை வேண்டிநிற்கும் பாத்திரம். மற்றையது, தனித்த மனவலிமையால் விதியை வென்ற சாதனையாளர். முன்னையது அவர்களைத் தாழ்த்துகின்றது. பின்னையதோ, அவர்கள் எதிர்கொள்ளும் தடைகளுக்குச் சமூகம் பொறுப்பல்ல என்ற மயக்கத்தைத் தருகின்றது. 2020இல் வெளிவந்த ‘கிரிப் காம்ப்’ என்னும் அமெரிக்க விவரணப்படம் இவ்விரு மரபுகளையும் மீறுவதாலேயே நமது கவனத்துக்குரியதாகின்றது. ‘முடவர்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பழிச்சொல்லின் குறுக்கத்தைத் துணிந்து தலைப்பிற் கொண்ட இப்படத்தை ஜேம்ஸ் லெப்ரெக்ட், நிக்கோல் நியூனம் ஆகிய இருவரும் நெறிப்படுத்தினர். பிறவியிலேயே முள்ளந்தண்டுப் பாதிப்புடைய லெப்ரெக்ட், இளமையில் தாம் சென்ற முகாமின் கதையையே கூறுகிறார்.

நியூயோர்க் மாநிலத்து ஜெனெட் கோடைகால முகாமில் 1971இல் எடுக்கப்பட்ட காட்சிகள் படத்தின் முற்பகுதியில் இடம்பெறுகின்றன. பேச்சுத் தெளிவற்ற ஒரு பெண் நெடுநேரம் பேசுகிறார். மற்றையோர் பொறுமையுடன் செவிமடுக்கின்றனர். தனிமைக்கான உரிமை பற்றியே அவர் பேசினார் என்பதைப் பின்னர் ஒருவர் விளக்குகிறார். இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்ட ஜுடித் ஹியூமன், என்ன சமைப்பது என்பதற்கும் ஒவ்வொருவரது கருத்தையும் கேட்கிறார். பிறர் பேசுவதற்கு இடமமைப்பதே தலைமைத்துவம் என்னும் உண்மை இங்கு உபதேசமின்றி வெளிப்படுகின்றது.

1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் நிதிபெறும் நிறுவனங்களில் வலுவிழந்தோருக்கெதிரான பாரபட்சத்தைத் தடைசெய்தது. அதற்கான விதிகளோ ஏறத்தாழ நான்காண்டுகள் ஒப்பமிடப்படவில்லை. 1977 ஏப்ரலில் ஹியூமன் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ அரச அலுவலகமொன்றினுள் தங்கிப் போராடினர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது செவிப்புலனற்றோர் யன்னல்களினூடே சைகைமொழியாற் செய்தி அனுப்பினர். கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் உணவு கொணர்ந்தனர். ஏப்ரல் 28இல் விதிகள் ஒப்பமாயின.

எனினும், படத்தின் அமைப்பில் ஒரு குறை உண்டு. ஜெனெட்டையே விதையாகவும் 1977ஐ அதன் விளைச்சலாகவும் காட்டும் ஆர்வத்தில், பிற வேர்களை அது விரைந்து கடந்துவிடுகின்றது. 1962இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் அனுமதிபெற்ற எட் ரொபேட்ஸ், ஏனைய மாணவருடன் விடுதியில் தங்க இயலாது வளாக மருத்துவமனையிலேயே வசித்தார். அவரும் அவர்பின் வந்த மாணவரும் தொடக்கிய முயற்சியே 1972இல் சுதந்திர வாழ்வு நிலையமாக உருப்பெற்றது. பல்கலைக்கழக மாணவராகிய நாம் விரிவாக அறிய வேண்டிய பகுதி இதுவேயாகும்.

இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் இத்தகைய பாரபட்சத்தைத் தடைசெய்கின்றது. ஆயின், அனுமதிபெற்றவர் ஏறமுடியாத படிகள் நம் விரிவுரை மண்டபங்களில் இன்றும் உள்ளன. அவரைத் தூக்கிச்செல்ல நாம் முன்வரலாம், அது இரக்கம். படிகள் பற்றி முடிவெடுக்கும் அவையில் அவரும் அமர்ந்து பேசுதல் வேண்டும் என்பதே இப்படம் எழுப்பும் கோரிக்கை.