அம்பாசடருக்குள் ஏறிய இஸுஸு

இஸுஸு எஞ்சின் ஏற்றிய பழைய அம்பாசடரை நீங்கள் ஓட்டியிருக்கிறீர்களா? ஓட்டியிருந்தால் இந்நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே பேச ஆரம்பித்திருப்பீர்கள். ஓட்டவில்லையென்றால் இப்படி உட்காருங்கள், ஒரு டீ சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. வீட்டில் சொல்லியாயிற்று, ஆபீஸில் சொல்லியாயிற்று, பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற தம்பிக்குக்கூட பானெட்டைத் தூக்கிக் காட்டியாயிற்று. இன்னும் ஆசை அடங்கவில்லை!

வண்டி 1984 மாடல் மார்க் 4. அப்பா வாங்கியது. கூடவே வந்தது 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சின். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசமாட்டேன். இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்திருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். எந்த ஊரில் நின்றாலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருந்தார். ஆனால் ஒரு டன்னுக்கு மேல் கனக்கிற உடம்பு, சுமார் 50 குதிரைத்திறன், நாலே கியர். இன்றைய நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டுவதற்கு முன்னால் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதனால் என்ன நடந்தது? எங்கள் வீட்டிலும் எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான். வண்டி ஷெட்டுக்குப் போனது, மேலே தார்ப்பாய் விழுந்தது, ஆயுதபூஜைக்கு மட்டும் சந்தனம் குங்குமம். தினசரி ஓட்டத்துக்கு ஒரு புது கார் வந்து வாசலை எடுத்துக்கொண்டது. அது எனக்குப் பொறுக்கவே இல்லை. எனக்கு இந்த வண்டியில் ஆபீஸ் போகவேண்டும், மார்க்கெட் போகவேண்டும், மழையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும்!

"ஒரிஜினல் எஞ்சினை எடுப்பது பாவம் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு நான் சந்தோஷமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அம்பாசடர் பிறந்ததிலிருந்தே எஞ்சின் மாற்றிக்கொண்டு வாழ்ந்த வண்டி! மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற ஆங்கிலேயக் காரின் உடம்போடு 1957-ல் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதற்குள் இருந்தது சைடு வால்வ் எஞ்சின். சில வருஷத்திலேயே அதை எடுத்துவிட்டு ஓவர்ஹெட் வால்வ் பி-சீரிஸை வைத்தார்கள். பிறகு டீசல் வந்தது. டாக்ஸிக்காரர்கள் தாங்களாகவே மெட்டடார் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியே இஸுஸுவின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இதே உடம்புக்குள் வைத்து, ஐந்து கியர் போட்டு, 1800 ஐ.எஸ்.இசட். என்று பெயர் கொடுத்து விற்றது. 75 குதிரைத்திறன்! கான்டெசாவை ஒரு தலைமுறையே கனவு காணும் காராக மாற்றியதும் இதே இஸுஸுதான். அதைத் தயாரித்தது ஜப்பானில்கூட இல்லை, நம் இந்தூர் பக்கத்துப் பீதம்பூரில். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை ஆள் மாறாமல் எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டே இருந்த வண்டிக்கு இன்னொரு எஞ்சின் என்பது பரம்பரை வழக்கம், அவ்வளவுதான்.

என் திட்டம் ரொம்ப நேரானது. உடம்பு துருப்பிடித்து முடிந்துபோன, ஆனால் எஞ்சின் தெம்பாக இருக்கிற ஒரு ஐ.எஸ்.இசட். வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடைத்தது. நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் எஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள், வண்டியை முழுசாக வாங்குங்கள். கிராஸ் மெம்பர், மவுண்டிங், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், கிளட்ச், வயரிங் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்துவிடும். ஒரு போல்ட்டுக்காகப் புதுப்பேட்டை வரைக்கும் அலைய வேண்டாம். காகித வேலையையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும், மாற்றிய பிறகு புது எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறவேண்டும், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடவேண்டும். என் ஆர்.சி.யில் அந்தப் புது எண்ணைப் பார்த்த அன்றைக்கு அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். ஒரு எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன்!

இப்போது பட்டறைக்கு வாருங்கள். நினைத்துப் பாருங்கள், சிங்காநல்லூரில் தகரக் கூரை போட்ட பட்டறை, மத்தியான வெயில், பானெட் கழற்றிய என் வண்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அதற்கு நேர் மேலே செயின் பிளாக்கில் இஸுஸு தொங்குகிறது. பிளாக்கைச் சுத்தம் செய்து நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே அலுமினியம் ஹெட் பளபளக்கிறது. பழைய எஞ்சினில் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருந்துகொண்டு, நீளக் கம்பிகளால் மேலே இருக்கும் வால்வுகளைத் தள்ளித் தள்ளித் திறக்கும். இதில் கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே உட்கார்ந்து செயினால் சுற்றுகிறது, நடுவில் கம்பி இல்லை, தாமதம் இல்லை, அதனால்தான் இது அவ்வளவு உற்சாகமாகச் சுழல்கிறது. கியர் பாக்ஸின் வால் முதலில் இறங்கவேண்டும். மெக்கானிக் அண்ணன் ஒரு கையால் சங்கிலியை இழுக்கிறார், இன்னொரு கையால் எஞ்சினைத் தடவித் தடவித் திருப்புகிறார், சங்கிலி கட கட கடவென்று சத்தம் போடுகிறது, ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடம்தான், எனக்கு மூச்சே வரவில்லை. "அண்ணா, இடிக்குதுங்களா?" என்று நான் கேட்க, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, கையை எடுங்க. அதது எடத்துல போய் அதது உக்காருமுங்க" என்றார். உட்கார்ந்ததுங்க! மவுண்டிங் ஓட்டையும் போல்ட்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. நான் அந்த அறுபது வயது மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், சட்டையெல்லாம் கிரீஸ், அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை.

மீதி வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்து நீளம் மாற்றி பேலன்ஸ் செய்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர் கம்பி போய், தரையில் டனல் வெட்டி ஃப்ளோர் கியர் வந்தது. இழுவை கூடினால் நிறுத்துகிற பலமும் கூடவேண்டும் என்பதில் மெக்கானிக் அண்ணன் கறார், அதனால் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், கூடவே வேக்குவம் பூஸ்டர். இப்போது வருகிற இ20 பெட்ரோலுக்காக எரிபொருள் ரப்பர் குழாய்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டோம்.

ஸ்டார்ட் செய்த நாளைத்தான் நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். சைலன்சர் இன்னும் மாட்டவில்லை. கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்கள். "செல்ஃப் அடிங்க தம்பி." அடித்தேன். கிர்ர்ர் என்று சுற்றியது, இருமியது, நின்றது. மறுபடி அடித்தேன், ஒரு சிலிண்டர் பிடித்தது, இன்னொன்று பிடித்தது, அப்புறம் நாலும் சேர்ந்துகொண்டு ஒரு கர்ஜனை, தகரக் கூரை அதிர்ந்தது, பக்கத்து லேத்திலிருந்து பையன்கள் ஓடி வந்தார்கள், எக்ஸாஸ்ட்டில் புதுப் பெயிண்ட் கருகுகிற வாசனை, பெட்ரோல் வாசனை, சூடான ஆயில் வாசனை, டேப்பட்டின் டிக் டிக் டிக், நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே கத்துகிறேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, கண்ணில் தண்ணீர், அது புகையால் என்று அங்கே யாருக்கும் நான் பொய் சொல்லவில்லை!

அப்புறம் ஓட்டினேன் பாருங்கள். எங்கள் வீடு வடவள்ளி, ஆபீஸ் சின்னியம்பாளையம், கோயமுத்தூரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகவேண்டும். உப்பிலிபாளையத்தில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் ஏறுகிற இடத்துக்கு வருகிறேன். மோட்டாரைக் காதலித்த அந்த மனிதர் பெயரில் பத்து கிலோமீட்டர் பாலம்! முன்னால் பஸ் இல்லை, லாரி இல்லை. இரண்டாவது கியரில் ஏற்றத்தைத் தொட்டு மிதிக்கிறேன், பழைய எஞ்சினாக இருந்தால் இந்த இடத்தில் யோசிக்கும், முனகும், நான் முதல் கியருக்கு வரவா வேண்டாமா என்று தவிப்பேன், இப்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி கிளம்புகிறது, மூன்று, நாலு, கியர் கம்பி வெண்ணெயில் இறங்குகிறது, பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ஐந்தாவது கியர், அய்யோ அந்த ஐந்தாவது கியர், இத்தனை வருஷமாக இந்த உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான், போட்டதும் எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்து காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது, அந்த சோபா மாதிரியான முன் சீட்டு, அந்தப் பெரிய ஸ்டியரிங், பானெட்டின் இரண்டு பக்கமும் உருண்டு இறங்குகிற அந்த ஃபெண்டர்கள், எல்லாம் என் அப்பா வண்டிதான், ஒன்றுமே மாறவில்லை, ஆனால் எல்லாமே மாறிவிட்டது, நான் தனியாக உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறேன், பக்கத்துக் காரில் போனவர் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டுகிறார், நான் பதிலுக்கு ஹாரன் அடிக்கிறேன், அந்த அம்பாசடர் ஹாரன்!

மலையைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். என் சின்ன வயதில் இந்த வண்டியில் அங்கே போவதென்றால் அம்மா முதலில் எடுத்து வைப்பது சோற்றுப் பாத்திரத்தை இல்லை, ரேடியேட்டருக்கான தண்ணீர் கேனை. வழியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆவி அடங்கக் காத்திருந்து, ஊற்றி, மறுபடி ஏறுவோம். இந்தத் தடவையும் அம்மா பழக்கத்தில் கேனை நிரப்பிக் காலடியில் வைத்துக்கொண்டார். ஆழியாறு அணை கீழே சின்னதாகிக்கொண்டே போகிறது, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, எல்லோரும் போட்டோ எடுக்க நின்றார்கள், நானும் நின்றேன், ஆனால் சூட்டுக்காக நிற்கவில்லை, ஆசைக்காக நின்றேன்! வெப்பமுள் நடுவிலேயே ஆடாமல் நிற்கிறது. வளைவில் இரண்டாவது கியர், திரும்பி முடித்ததும் மிதித்தால் மூன்றாவதுக்குத் தானாகக் கேட்கிறது, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் ஒவ்வொரு வளைவையும் கையில் கொண்டுவந்து கொடுக்கிறது, ஜன்னல் வழியாகத் தேயிலை வாசனை, பின் சீட்டில் பிள்ளைகள் வளைவு எண்களைச் சத்தம் போட்டு எண்ணுகிறார்கள், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது! மேலே போய் இறங்கியதும் அப்பா பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஏம்மா, அந்தத் தண்ணியக் குடிக்கலாம், எடு" என்றார். ரேடியேட்டர் தண்ணீர் கேனிலிருந்து என் குடும்பமே குடித்தது. இதைவிட ஒரு எஞ்சினுக்கு வேறு என்ன சர்டிஃபிகேட் வேண்டும்?

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தாண்டுவதில்லை, ஏ.சி. கிடையாது, சில இஸுஸு சாமான்களுக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்கவேண்டும். இருக்கட்டும்! காலையில் சாவியைத் திருப்பும்போது இதில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

இப்போது வாசலில் நிற்பது அம்பாசடர், ஷெட்டில் நிற்பது அந்தப் புது கார். அரிசி மூட்டை வருவது இதில், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இதில், தலை குனியாமல் நிமிர்ந்தபடியே உள்ளே ஏறலாம் என்பதால் பாட்டி வேறு காரில் ஏறவே மாட்டேன் என்கிறார். என் மகள் பள்ளிக்கூட வாசலில் இறங்கினால் அவள் தோழிகள் கதவைத் திறந்து மூடி அந்த 'டப்' சத்தத்தை ரசிக்கிறார்கள். பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் துடைத்துத் துடைத்துத் தார்ப்பாய் போட்டு வைப்பது என்று நாம் நம்பிவிட்டோம். இல்லைங்க! ஓடினால்தான் ஆயில் சுற்றும், ஓடினால்தான் ரப்பர் காயாமல் இருக்கும், ஓடினால்தான் அடுத்த தலைமுறைக்கு அதன்மேல் ஆசை வரும். இன்றைய சாலைக்கு ஈடு கொடுக்கிற ஒரு இதயத்தை அதற்குக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அந்த வண்டியே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஷெட்டிலும் தார்ப்பாய்க்குக் கீழே ஒன்று இருக்கிறதா? எனக்குத் தெரியும், இருக்கிறது. நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடவள்ளிக்கு வாருங்கள், காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும். சாவியை நானே உங்கள் கையில் தருகிறேன், நீங்களே ஓட்டுங்கள், ஐந்தாவது கியர் வரைக்கும் போங்கள். திரும்பி வந்ததும் பட்டறை விலாசம் கேட்பீர்கள், எழுதியே வைத்திருக்கிறேன்!