விதியும் பனுவலே: தேயிலை மலையைக் களமாகக் கொள்ளும் தற்சார்பு அட்டை விளையாட்டு – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

விளையாட்டுகளை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் வைத்து நோக்கும் போக்கு தமிழாய்வில் பரவலாக அமையவில்லை. ஆயினும் பரமபத சோபானப் படத்தை அறிந்தோர், ஒரு விளையாட்டின் விதி ஓர் உலகநோக்கையே உணர்த்தவல்லது என்பதை மறுக்கமாட்டார்கள். ஏணியும் பாம்பும் ஓவியத்தால் மட்டும் அறம் உரைப்பதில்லை. ஏறுதலும் இறங்குதலுமாகிய விதியாலேயே உரைக்கின்றன. பெருநிறுவனங்களைச் சாராமல் தனியொருவரோ சிறுகுழுவோ ஆக்கும் பரிமாற்ற அட்டை விளையாட்டை இந்நோக்கில் அணுகுவதும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு அத்தகைய விளையாட்டைத் தமிழில் ஆக்க முற்படுவோர் விடைகாண வேண்டிய வினாக்களை வகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நிறைவுறும் தொகுதியும் நிறைவுறாத் தொகுதியும்

'சீட்டு' என்னும் சொல்லில் சூதின் சாயல் படிந்துவிட்டமையால் 'அட்டை' என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கிறோம். இந்திய மரபில் தசாவதாரக் கஞ்சிபா பத்து வகைக்குப் பன்னிரண்டாக 120 வட்ட அட்டைகளைக் கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய அட்டை விளையாட்டுகளைத் தாமே வகுத்தார். இவற்றின் தொகுதி முழுமையானது. ஆடுவோர் அனைவரும் ஒரே தொகுதியிலிருந்து ஆடுவர்.

பரிமாற்ற அட்டை விளையாட்டு இதனின் வேறுபட்டது. அமெரிக்கக் கணிதவியலர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு ஆக்கி 1993இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' இவ்வகைக்கு முன்னோடியாகும். இதில் ஒவ்வொருவரும் தாம் வாங்கியும் மாற்றியும் சேர்த்த அட்டைகளிலிருந்து தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொள்வர். விதிநூல் பொதுவானது, எனினும் ஒவ்வோர் அட்டையும் தனக்கெனச் சிறப்புவிதி ஒன்றை உடையது. பொதுவிதிக்குப் புறனடையாக நூற்பா அமையும் நம் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று.

ஐவகை நிலம்: ஒப்புமையும் வேற்றுமையும்

'மேஜிக்' விளையாட்டின் அடிப்படை ஐவகை நிலங்களாகும்: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு நிறமும் அதற்குரிய இயல்புகளும் உள்ளன. தமிழ் பயின்றோர்க்கு ஐந்திணை உடனே நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் எண்ணொப்புமை கண்டு மகிழ்வதோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது.

அவ்விளையாட்டில் நில அட்டை பக்கவாட்டில் திருப்பப்படுகிறது. திருப்பியவுடன் ஆற்றல் பெறப்படுகிறது. பெற்ற ஆற்றல் செலவழிக்கப்படுகிறது. அங்கே நிலம் என்பது வளம், பயன்கொள்ளப்படுவது. தொல்காப்பிய நெறியில் நிலமும் பொழுதும் முதற்பொருளாகும். அவற்றின்மேல் கருப்பொருள் அமைய, உரிப்பொருளாகிய ஒழுக்கம் சிறக்கிறது. அங்கே நிலம் உணர்வின் களம். இவ்வேறுபாடு பெயர்மாற்றத்தால் தீர்வதன்று. நில அட்டைக்குக் 'குறிஞ்சி' எனப் பெயரிட்டுவிட்டு, அதனை வளமாகவே செலவிடும் விதியைக் கடைப்பிடித்தால், அங்குக் குறிஞ்சி ஓவியத்தில் மட்டுமே உள்ளது.

தேயிலை மலை எத்திணைக்குரியது?

இவ்வினாவின் கூர்மை கேமரன் மலையில் தெளிவாகப் புலனாகிறது. 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளவிட்டார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நிலத்தால் இது குறிஞ்சி. செமாய் பழங்குடியினரின் வாழிடம். ஆயின், மலைச்சரிவை மூடியிருக்கும் தேயிலை வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட பயிர். அதனைப் பறிக்கத் தமிழர் கடல்கடந்து வந்தனர். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்தாகும். அங்குத் திரிபுக்குக் காரணம் வெம்மை. பசுமை மாறாத தேயிலை மலையிலோ வெம்மை இல்லை, பிரிவு உண்டு. நிலத்தால் குறிஞ்சியாகவும் உரிப்பொருளால் பாலையாகவும் இம்மலையைக் கொள்ளலாம் என்பது எமது கருத்தாகும்.

இதனை விதியாக்க முடியும். நில அட்டையின் ஒருபுறம் குறிஞ்சியும் மறுபுறம் பாலையும் அமையட்டும். கொழுந்து பறிப்பதற்காக ஒரு குடும்பத்தின் அட்டைகளைப் பிரித்து வெவ்வேறு சரிவுகளில் வைக்கும்போது விளைச்சல் கூடும். நிலமோ பாலைப்புறம் திரும்பும். மிகுதியாகப் பறிப்பவர் எதனை இழக்கிறார் என்பதை அட்டையில் எழுதிக் காட்டவேண்டியதில்லை. ஆடுபவர் தம் கையாலேயே அதனைச் செய்கிறார்.

கங்காணி அட்டையும் இத்தகையதே. அவர் ஊரார், உறவினர். அவரே ஆள்சேர்ப்பவர், கண்காணிப்பவர். பயிற்சியற்ற தொழிலாளர் உதவிபெற்றுப் புலம்பெயர்வதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை மலாயாவுக்கு ஆள்சேர்த்ததில் அவர் பங்கு பெரிது. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த புதினம், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் முன்பணக் கடன் மனிதரைப் பிணித்துவைத்ததைக் காட்டுகிறது. ஆட்டத்தைக் கடனோடு தொடங்கச் செய்யும் ஒரு விதி அவ்வரலாற்றைப் பல பத்திகளினும் சுருக்கமாக உணர்த்தும்.

அருமையின் அரசியல்

அட்டைகளை அரியவை, பொதுவானவை எனப் பகுத்து, உறைக்குள் இருப்பது தெரியாதவாறு விற்பது இவ்விளையாட்டுகளின் வணிக நெறியாகும். 'மேஜிக்' விளையாட்டின் தொடக்ககாலக் கூடுதல் உறையில் 15 அட்டைகள் இருந்தன. அவற்றுள் அரியது ஒன்றே. இப்பகுப்பை அப்படியே தேயிலை மலைக்குப் பொருத்தினால் துரை அரிய அட்டையாவார். கொழுந்து பறிக்கும் பெண் பொது அட்டையாவார். தோட்டத்தின் படிநிலையே மீண்டும் அச்சாகும். படத்தில் அப்பெண்ணை எவ்வளவு அழகாக வரைந்தாலும், மாணவர் அவ்வட்டையை மதிப்பற்றதெனக் கழித்து வைப்பர்.

தற்சார்பு என்பதன் உண்மைப் பொருள் இங்கேதான் சோதனைக்குள்ளாகிறது. சொந்தப் பணத்தில் அச்சிடுவது மட்டும் தற்சார்பு ஆகாது; அருமை என்னும் அளவுகோலை மறுக்க இயலுவதே தற்சார்பு. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2012இல் வெளிவந்த 'ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர்' குலுக்கல் உறைகளின்றி, உள்ளடக்கம் அறிவிக்கப்பட்ட தொகுதிகளாக விற்கப்பட்டது. 2018இல் நிறுவனம் அதனைக் கைவிட்டபின், ஆர்வலர் குழுவொன்று புதிய அட்டைகளை ஆக்கி அதனைத் தொடர்ந்து நடத்திவருகிறது.

அருமை இல்லையேல் பரிமாற்றம் எதற்கு என வினவலாம். பரிமாற்றம் பற்றாக்குறையால் மட்டும் நிகழ்வதன்று, வேறுபாட்டாலும் நிகழும். ரிங்லெட் மாணவர் ஆக்கிய அட்டைகளும் தானா ராத்தா மாணவர் ஆக்கியவையும் ஒன்றாயிரா. வழக்கமான அட்டையின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டைகள் அடங்கும். வகுப்பறையில் அச்சிட்டுப் பள்ளிக்குப் பள்ளி மாற்றிக்கொள்வதற்குப் பெருமுதல் தேவையில்லை.

அட்டையின் மொழி

அட்டையில் சில வரிகளுக்கே இடமுண்டு. ஆங்கிலக் கலைச்சொற்களை ஒலிபெயர்ப்பதைவிடத் தோட்டத்தில் வழங்கும் சொற்களை விதிச்சொற்களாக்குதல் பொருந்தும். 'கவ்வாத்து' என்பது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதைக் குறிக்கும். வெட்டப்பட்ட செடி சிலகாலம் கொழுந்து தராது. பின்னர்ப் புதிதாகத் துளிர்க்கும். ஓர் அட்டையைச் சில சுற்றுகளுக்கு ஒதுக்கிவைத்து மீட்கும் செயலுக்கு இதனினும் ஏற்ற சொல் கிடைப்பது அரிது. கொழுந்து, மண்டோர், கிராணி முதலிய சொற்களும் இவ்வாறே பயன்படும். பழகிய சொல் விதியை விளக்குவதோடு, விதியும் வழக்கருகிவரும் சொல்லைக் காக்கும்.

முடிவுரை

இன்று அம்மலைச் சரிவுகளில் கத்தரிகளும் இயந்திரங்களும் கொண்டு கொழுந்து வெட்டுவோருள் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உளர். தமிழரின் நினைவை மட்டும் போற்றி இவர்களையும் செமாய் மக்களையும் பின்புலக் காட்சியாக்கும் விளையாட்டு, தான் கண்டிக்கும் படிநிலையையே தொடரும். எனவே இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடும்போது படம், பெயர், தமிழுணர்வு ஆகியவற்றோடு அமையாது, யார் எதனைச் செலவிட்டு வெல்கிறார், யாருடைய அட்டை கழிக்கப்படுகிறது என்னும் வினாக்களை முதற்கண் எழுப்ப வேண்டும். இவற்றுக்கான விடைகள் விதியில்தான் உள்ளன. ஆதலின் தமிழாசிரியர்கள் மாணவரிடம் அட்டைக்குப் படம் வரையச் சொல்வதற்கு முன்னர், விதியை எழுதச் சொல்வது பயனுடையதாகும்.