ரிஜெக்‌ஷன் கணக்கு

ஜவளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்களிடம் 'உற்பத்தித்திறன்' என்று சொன்னால் முறைப்பார்கள். 'ப்ரொடக்‌ஷன்' என்றால் புரியும். லைன் முனையில் ஒரு போர்டு தொங்கும். மணிக்கு மணி அதில் எழுத வேண்டும்: டார்கெட் இவ்வளவு, ஓடியது இவ்வளவு. பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. ரிஜெக்‌ஷன். விவரம் தெரிந்த சூப்பர்வைசரின் கண் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் முடிந்த சமயம். கம்பெனி வேனில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் செய்தியைத் தள்ளிக்கொண்டே வந்தார். 120 மணி நேரம் விவாதிப்பதாகத் திட்டமிட்ட மக்களவை 37 மணி நேரம்தான் நடந்தது என்று அவைத்தலைவர் ஓம் பிர்லாவே வருத்தப்பட்டிருந்தார். "எங்க லைன் இப்படி ஓடுனா காண்ட்ராக்ட் ஆளுங்கள அன்னிக்கே நிறுத்திடுவாங்கண்ணா. இவங்களுக்கு மட்டும் மாசச் சம்பளம்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கான பதில் அவருடைய போர்டின் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது.

பிளவுபட்ட அவையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைத்தான் பார்க்கிறோம்: எத்தனை மணி நேரம் நடந்தது, எத்தனை மசோதா நிறைவேறியது. இந்த இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் அவையை முடக்கின. ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட மக்களவை நடக்கவில்லை. ஆனால் அதே கூட்டத்தொடரில் இருபதுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் இரு அவைகளையும் தாண்டின. 2025இலும் இதே கதை. பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து உறுப்பினர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருக்க, இணையச் சூதாட்டத் தடை மசோதா ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையையும் கடந்துவிட்டது. நேரத்தை எண்ணினால் லைன் நின்றுவிட்டது. மசோதாவை எண்ணினால் ஓவர்டைம் ஓடியது. எந்தப் போர்டைப் படிப்பது?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1948 தேர்தலில், எதிர்க்கட்சி கையிலிருந்த 80ஆவது காங்கிரஸை 'ஒன்றும் செய்யாத காங்கிரஸ்' என்று ஊர் ஊராகத் திட்டியே ஜெயித்தார். அந்த 'ஒன்றும் செய்யாத' அவை 900க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியிருந்தது. மார்ஷல் திட்டமும் அதில் அடக்கம். அதிபர் ஒரு கட்சி, அவை வேறு கட்சி என்று இருந்த காலங்களிலும் முக்கியமான சட்டங்கள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று அரசியல் ஆய்வாளர் டேவிட் மேஹ்யூ 1991இல் எழுதினார். நிறைவேறியதை மட்டும் எண்ணினால் போதுமா, நிறைவேறாமல் தேங்கியதை யார் எண்ணுவது என்று இன்னொரு ஆய்வாளர் சாரா பைண்டர் பின்னால் மறுத்தார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இரண்டு பேருமே பீஸ் எண்ணுகிறார்கள்.

நான் பார்க்க விரும்பும் கணக்கு வேறு. உள்ளே போன மசோதாவும் வெளியே வந்த சட்டமும் எவ்வளவு மாறியிருக்கின்றன, அந்த மாற்றம் யாருக்கு உதவியது என்பதுதான் அது. அதைச் சொல்ல ஜவளகிரிக் காட்டை விட நல்ல இடம் இல்லை.

ஜவளகிரி வனச்சரகத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் பன்னேருகட்டா. இந்தப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்துத்தான் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். ராகி பால் பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் யானைக் கூட்டம் பன்னேருகட்டாவிலிருந்து இறங்கும். கொல்லைக்குக் கொல்லை பரண் கட்டி, பட்டாசும் தகர டப்பாவுமாக ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். கூட்டம் எந்தக் காட்டில் நிற்கிறது என்று கேட்ட பிறகுதான் செகண்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தளி ரோட்டில் பைக்கைத் திருப்புவார்கள். காட்டுக்குள்ளும் ஓரத்திலும் இருளர்கள் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் இல்லாத, தலைமுறைகளாக மாடு மேய்த்தும் காட்டு வெள்ளாமை செய்தும் வாழ்ந்த வேறு குடும்பங்களும் இருக்கின்றன. இந்த மக்களையும் இந்த மரங்களையும் பற்றி டெல்லி இரண்டு முறை சட்டம் செய்திருக்கிறது.

முதலாவது, வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13 அன்று மக்களவைக்கு வந்தபோது அது பழங்குடிகளுக்கு மட்டுமான மசோதா. 1980 அக்டோபர் 25க்கு முன்பே காட்டில் இருந்தவர்களுக்கு, அதிகபட்சம் இரண்டரை ஹெக்டேர். அன்றைய ஆட்சிக்குச் சொந்தப் பெரும்பான்மை கிடையாது. காங்கிரஸிடம் 145 இடங்கள். வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகளிடம் ஏறத்தாழ 60. புலி ஆர்வலர்கள் ஒரு பக்கம், பழங்குடி இயக்கங்கள் மறுபக்கம், அமைச்சகங்களுக்குள்ளேயே இழுபறி. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான அந்தக் குழு அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது. பட்டியலில் இல்லாத மரபுவழி வனவாசிகளையும் சேர்க்கச் சொன்னது. கெடு தேதியை 2005 டிசம்பர் 13க்கு நகர்த்தச் சொன்னது. ஒரு வருடத் தகராறுக்குப் பிறகு 2006 டிசம்பரில் சட்டம் வந்தபோது நில வரம்பு நான்கு ஹெக்டேர் ஆகியிருந்தது, பெயரே மாறியிருந்தது. பழுதில்லாத பீஸ் என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பேரத்தில்தான் ஏறியது. கந்தாய ரசீதே இல்லாத குடும்பம் 1930ஐ எதை வைத்துக் காட்டும்? தமிழ்நாட்டில் இன்னொரு தாமதம்: சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. இருந்தாலும், உள்ளே போனதை விட அகலமாக வெளியே வந்த சட்டம் இது.

இரண்டாவது, வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம். இங்கே ஆளுங்கட்சியிடம் எண்ணிக்கை நிறைய. மார்ச் மாதம் அறிமுகமான மசோதா, வழக்கமாகப் போக வேண்டிய அறிவியல், சுற்றுச்சூழல் நிலைக்குழுவுக்குப் போகவில்லை. அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியின் ஜெய்ராம் ரமேஷ். தனியாக ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். அது ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் திருப்பித் தந்தது. மாற்றுக் கருத்துக் குறிப்புகள் அறிக்கையின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததோடு சரி. ஜூலை 26, மணிப்பூர் கூச்சலுக்கு நடுவே மக்களவை. ஆகஸ்ட் 2, மாநிலங்களவை. அகராதிப் பொருளில் காடு எனத் தகும் எதுவும் காடே என்று 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்தத் திருத்தம் சுருக்கியது: காடாக முறைப்படி அறிவித்திருக்க வேண்டும், அல்லது 1980 அக்டோபர் 25 முதலான அரசுப் பதிவில் காடு என்று இருக்க வேண்டும். முந்தைய மசோதாவில் மனிதர்களுக்குக் கெடுவாக வந்த அதே தேதி, இந்தத் தடவை மரங்களுக்கு வந்தது. அதோடு உயிரியல் பூங்கா, சஃபாரி, சூழல் சுற்றுலாவுக்கு விலக்கு. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இப்போதைக்குப் பழைய விளக்கத்தையே பின்பற்றுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. பட்டறையில் இதற்கு ரீவொர்க் என்று பெயர். அவை செய்யாத சோதனையை நீதிமன்றம் செய்கிறது, சரக்கு வெளியே போன பிறகு.

2020 செப்டம்பரில் குரல் வாக்கெடுப்பில் மாநிலங்களவையைத் தாண்டிய வேளாண் சட்டங்களோ முழு ரிஜெக்‌ஷன். ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெற்றார்கள், அதையும் விவாதமே இல்லாமல். எண்ணிக்கைப் போர்டில், திரும்பப் பெற்ற மசோதாவையும் சேர்த்து, இது நான்கு மசோதா.

அப்படியானால் பிளவு நல்லது என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. ஓசூர்க்காரனுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 சதவீத உரிமையாளர்களின் சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு என்று நிபந்தனைகள் வைத்தது. 2014 கடைசியில் வந்த அவசரச் சட்டம், தொழில் வழித்தடங்கள் உள்பட ஐந்து வகைத் திட்டங்களுக்கு அவற்றைத் தளர்த்தியது. மக்களவை தலையசைத்தது. மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்கு ஆள் போதவில்லை. அவசரச் சட்டத்தை மறுபடி மறுபடி பிறப்பித்துப் பார்த்து, 2015 ஆகஸ்டில் விட்டுவிட்டார்கள். பிளவுபட்ட நாடாளுமன்றம் விவசாயியைக் காப்பாற்றியது என்று நாங்களும் எழுதினோம். ஆனால் இங்கே சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்படி. மத்தியச் சட்டத்தின் சம்மத விதியெல்லாம் அதைத் தொடாதபடி சென்னைச் சட்டமன்றம் 2014இலேயே திருத்தம் போட்டிருந்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், அதே மாதம் சட்டமன்றம் கூடிப் புதுச் சட்டத்தால் அதற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. டெல்லிப் பிளவின் பலன் ஓசூர் பக்கத்துச் சூளகிரிக்கு வந்து சேரவில்லை. நடுவில் பிளவில்லாத ஓர் அவை நின்றது.

ஜிஎஸ்டி வேறு மாதிரி. 2015 மே மாதம் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சாசனத் திருத்தத்தில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஒரு சதவீதம் கூடுதல் வரி இருந்தது. தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட அது. மாநிலங்களவையில் காங்கிரஸ் முட்டுக்கட்டை போட்டது. பதினைந்து மாதம் இழுத்து, 2016 ஆகஸ்ட் 3 அன்று அந்த ஒரு சதவீதத்தைக் கழற்றிய பிறகே மசோதா தேறியது. ஆதரவு 203, எதிர்ப்பு இல்லை, அதிமுக வெளிநடப்பு. கழற்றியது சரியா? கோட்டையில் கேட்டால் நட்டம். ஓசூர் சிறு பட்டறையில் கேட்டால் வேறு பதில்: இங்கே செய்த உதிரிபாகம் பொம்மசந்திராவுக்கு விலைபோய், அங்கே இன்னொன்றோடு சேர்ந்து மறுபடி ஓசூருக்கு விலைக்கு வந்தால், எல்லை தாண்டும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சதவீதம் ஏறியிருக்கும். ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாமதத்தின் விலையும் தெரியும், லாபமும் தெரியும்.

இவற்றிலெல்லாம் பேச்சு வேலை செய்ததா, எண்ணிக்கை வேலை செய்ததா? எண்ணிக்கைதான் என்று நினைக்கிறேன். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, எவ்வளவு நல்ல பேச்சைக் கேட்டாலும் உறுப்பினர் கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும். மீறினால் பதவி போகலாம். யாருடைய மனதும் மாற வழியில்லாத இடத்தில் பேச்சு கேமராவுக்குத்தான். மனம் மாறச் சந்தர்ப்பம் இருப்பது குழுக்களில். அங்கே கொறடா உத்தரவு செல்லாது, கேமராவும் கிடையாது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம். அமளிக்காக நாம் சபித்த 15ஆவது அவைக்கு இந்த ஒரு கட்டத்தில் நல்ல மார்க். ஆனால் குழுவும் மந்திரக்கோல் அல்ல. 2024-25இல் வக்ஃபு மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனது. ஆளும் அணி கொண்டுவந்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன, எதிர்க்கட்சிகளுடையது ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. வெளியே உள்ள பிளவு அப்படியே அறைக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. கிஷோர் சந்திர தேவ் குழுவுக்குப் பின்னால் ஆட்சி கவிழும் பயம் இருந்தது. அந்தப் பயம் இல்லாத பிளவு வெறும் சத்தமாகத்தான் போகிறது.

பிளவு முடக்கிப் போட்டதற்கும் உதாரணம் குறைவில்லை. மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா முதலில் வந்தது 1996, நிறைவேறியது 2023. 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று நிறைவேறிய ஒன்றுக்கு 27 வருடம் ஏன் ஆயிற்று? எதிர்ப்பவர்கள் காகிதத்தைக் கிழித்தது ஒரு காரணம்; ஆதரிப்பதாகச் சொன்ன கட்சிகளுக்கு அந்தக் கிழிசல் வசதியாக இருந்தது இன்னொரு காரணம். 2010 குளிர்காலக் கூட்டத்தொடரில் 2ஜி விவகாரத்தால் மக்களவை எட்டு மணி நேரம்கூட நடக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் எதிர்க்கட்சி கேட்ட கூட்டுக் குழு கிடைத்தது, உண்மை. அந்தக் குளிர்காலத்தில் தொலைந்தது எந்தக் கட்சியின் கணக்கிலும் வராது. அது கேள்வி நேரம்.

இந்தப் பகுதி அடங்கிய கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினர் கே. கோபிநாத் 2024இல் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தபோது சென்னையில் புருவம் உயர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் பேரம் பேசும் இந்தப் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்த மொழியானாலும் கேட்க வேண்டியது கேட்கப்பட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொகுதியிலிருந்து ஒருவர், யானை மிதித்த ராகிக்கு இழப்பீடு பற்றி நட்சத்திரக் கேள்வி ஒன்று கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அப்படி இருபது கேள்விகள்தான். அவர் பெயர் குலுக்கலில் விழ வேண்டும். விழுந்தும்விட்டது. காலை 11 மணிக்கு அவை கூடுகிறது. பதாகைகள் எழுகின்றன. 11.05க்கு ஒத்திவைப்பு. கேள்விக்கு அமைச்சகம் தயாரித்த பதில் அவையின் மேசையில் வைக்கப்பட்டுவிடும், இணையதளத்திலும் ஏறிவிடும். 'அந்தத் தொகை எப்போது கைக்கு வரும்' என்ற துணைக் கேள்வியை எழுந்து கேட்க அவருக்கும், பதில் சொல்லத் தடுமாற அமைச்சருக்கும் அன்றைக்கு வேலை இல்லை.